நுவரெலியா வீட்டுப் பைப் உறைபனியில் வெடிக்காமலிருக்க என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைவாசி:
நாங்கள் கொழும்பில். நுவரெலியா வீடு ஜனவரி, பெப்ரவரியில் பூட்டியே கிடக்கும். அரை அங்குல பிவிசி வெளிச்சுவரில் ஓடுகிறது, கூரையில் தட்டை பெனல் சோலார் ஹீட்டர். துகள் உறைபனிக்கு முன் என்ன செய்யவேணும்?

மலைநாட்டு பிளம்பர்:
சோலாரை முதலில் பாருங்கோ, அதுதான் முதலில் போகும். மேகமில்லாத இரவில் பெனல் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காற்று 3 பாகையில் இருந்தாலும் உள்ளே தண்ணீர் உறையலாம். உறைந்தால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், பெனலுக்குள் இருக்கும் செப்புக் குழாய் பிளந்துவிடும். பூட்டிப்போகும் நாள் விடிகாலையில், பெனல் சூடாக முன்:
ஹீட்டர் பிரேக்கரை நிறுத்துங்கோ (ஹீட்டரின் வெறும் டாங்கியில் சூடாக்கும் எலிமென்ட் கருகிவிடும்). குளிர்நீர் வால்வை மூடி, சுடுதண்ணி டெப்பைத் திறந்து, பெனலின் அடி பிளக்கைக் கழற்றி முழுதாக வடியவிடுங்கோ.

கொழும்பு12:
சுவர்ப் பைப்புக்கு ஏசி லைனில் போடும் கறுப்பு ரப்பர் ஃபோம் போதும், பழைய சோனகத் தெருவில் கிடைக்கும். அரை அங்குல பிவிசியின் வெளிவிட்டம் 20 மிமீ, அதற்கு 22 மிமீ உள்விட்டமுள்ள ஃபோம் கேளுங்கோ. எல்போ, வால்வு இடங்களில் இடைவெளி விடவேண்டாம். வெயிலில் ஃபோம் பொடிந்துபோகும், மேலே அலுமினிய டேப் சுற்றுங்கோ.

மலைநாட்டு பிளம்பர்:
ஃபோம் குளிர் ஏறுவதைத் தாமதமாக்கும், அவ்வளவுதான். தண்ணீர் ஓடாத வீட்டில் வீட்டுத் தண்ணீர் டாங்கியின் வால்வை மூடி, ஆக மேலுள்ள டெப்பையும் ஆகக் கீழுள்ளதையும் திறந்துவிடுங்கோ. மேலே காற்று போகாவிட்டால் முழுதாக வடியாது. உறைந்த பிவிசிக்கு நெருப்புக் காட்டவே கூடாது, வெதுவெதுப்பான துணி சுற்றினால் போதும்.