47-ல் பிரிட்ஜ் மார்ஜின் திறந்து நிற்கிறது: ஸ்கேனை நம்பலாமா, புட்டிக்கே திரும்பலாமா?

கேள்வி:
வணக்கம் டாக்டர்ஸ். கீழ்த்தாடை வலப்பக்கம் 46-ம் எண் பல் இல்லாத பேஷன்ட்டுக்கு, அதன் இருபக்கமும் உள்ள 45, 47 பற்களைச் செதுக்கி (பிரிப் செய்து), அவற்றின்மேல் உட்காரும் மூணு யூனிட் ஜிர்கோனியா (பீங்கான் வகை) பிரிட்ஜ். வாய்க்குள் வைக்கும் ஸ்கேனரில்தான் அளவு எடுத்தேன், புட்டியில் (ட்ரேயில் வைத்து அச்செடுக்கும் சிலிகான்) இல்லை. ட்ரை-இன்னில் (ஒட்டுமுன் வைத்துப் பார்த்ததில்) 45 அழகாக உட்காருகிறது. 47-ன் பின்பக்கம், ஈறுக்குக் கீழே, பிரிட்ஜ் ஓரம் பல்லோடு சேரும் மார்ஜினில், எக்ஸ்ப்ளோரர் (கூரான சோதனைக் கருவி) முனை உள்ளே போகிறது. லேபில் கேட்டால் "ஃபைல்ல இருந்ததைத்தான் செஞ்சோம்" என்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ட்ரேயை வாயருகே கொண்டுபோனாலே குமட்டும், புட்டி எடுக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (புராஸ்தோ டாக்டர்):
முதலில் பிரிட்ஜ் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பற்களான 44, 48-ஐத் தொடும் இடம் (கான்டாக்ட்) இறுக்கமாக இருந்தாலும் மார்ஜின் திறந்துதான் தெரியும். ஃப்ளாஸ் விட்டுப் பாருங்கள், ஃபிட் செக்கர் (உள்ளே எங்கே முட்டுகிறது என்று காட்டும் சிலிகான்) வைத்து அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் திறந்திருந்தால் இறங்கவில்லை என்று அர்த்தம். பின்பக்கம் மட்டும்தான் என்றால் அளவில்தான் கோளாறு. 1971-ல் மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் சொன்ன 120 மைக்ரான் இடைவெளியைத்தான் இன்றும் எல்லையாகச் சொல்கிறோம். முனை உள்ளே போகிற மார்ஜினை சிமென்ட் மூடிவிடும் என்று ஒட்டிவிடாதீர்கள், ப்ளீஸ். சிமென்ட் கரைந்து, உள்ளே சொத்தை வரும்.

பதில் (லேப் டெக்னீஷியன்):
டாக்டர், அந்த ஃபைலைத் திறந்து கலரை ஆஃப் பண்ணுங்க. கலர்ல ஈறு சிவப்பா, பல்லு வெள்ளையா, எல்லாம் சரியாத்தான் தெரியும். வெறும் சாம்பல் நிறத்துல சுத்திப் பார்த்தா மார்ஜின் கூர்மையான விளிம்பா இருக்கணும். அது இல்லாம பல்லுல இருந்து ஈறு வரைக்கும் மொழுமொழுன்னு ஒரே சரிவா இறங்கினா அங்க ரத்தமோ எச்சிலோ நின்னிருக்கு. அந்த இடத்துல நாங்க கோடு போடுறது குத்துமதிப்புதான். அடுத்த கேஸ்ல இருந்து மில்லிங்குக்கு (மெஷின்ல பிரிட்ஜைக் கடையறதுக்கு) முன்னாடி மார்ஜின் கோட்டோட ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்குங்க. எந்த லேபும் மறுக்காது.

கேள்வி கேட்டவர்:
ஃப்ளாஸ் சரியாகப் போகிறது. ஃபைலில் நீங்கள் சொன்ன அதே சரிவு இருக்கிறது, 47 பின்பக்கத்தில் மட்டும். அந்த ஒரு பல்லை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பினால் போதுமா?

பதில் (புராஸ்தோ டாக்டர்):
போதாது. டெம்பரரி (தற்காலிக பிரிட்ஜ்) போட்டிருந்த நாட்களில் பல் லேசாக நகர்ந்திருக்கலாம். 45-ம் 47-ம் ஒரே ஸ்கேனில் வரவேண்டும். பிஎஃப்எம் (உலோகத்தின்மேல் பீங்கான்) பிரிட்ஜின் மெட்டல் ட்ரை-இன் என்றால் வெட்டி, மறுபடி சால்டர் பண்ணி இணைக்கலாம், ஜிர்கோனியாவில் அதற்கு வழியில்லை. புதுசாகத்தான் செய்யவேண்டும்.

வெளிச்சம் படாத இடத்தை ஸ்கேனர் எடுக்காது. புட்டியோடு போடும் இளகிய சிலிகானான லைட் பாடியாவது அழுத்தத்தில் ஈறுக்கடியில் கொஞ்சம் புகும், ஸ்கேனில் ஈறை நாம்தான் விலக்கிக் கொடுக்கவேண்டும். அதனால் ஈறை விலக்கும் நூல், அதாவது கார்டு, இரண்டு வையுங்கள். அடியில் மிக மெல்லிய 000, அதன்மேல் சற்றுத் தடித்தது. கார்டு உள்ளே இருக்கும்போதே குவாட்ரன்ட் (தாடையின் அந்தப் பாதி), எதிர்த்தாடை, பைட் (கடிக்கும் நிலை) எல்லாம் ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு ஸ்கிரீனில் 45, 47 மார்ஜின் பகுதியை மட்டும் வெட்டி நீக்குங்கள். 47-ன் மேல் கார்டை எடுத்து, காற்றடித்து, உடனே அந்த இடத்தை நிரப்புங்கள். ஈறு சீக்கிரமே மூடிக்கொள்ளும். அடுத்து 45. அடிக் கார்டு அப்படியே இருக்கட்டும். பின்பக்கத்துக்கு ஸ்கேனர் தலை நுழையவில்லை என்றால் வாயைப் பாதி மூடச் சொல்லுங்கள், கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லை, மார்ஜின் ரொம்ப ஆழம் என்றால் அன்றைக்கு ஸ்கேனும் வேண்டாம், புட்டியும் வேண்டாம். டெம்பரரியின் ஓரத்தைச் சரிசெய்து, ஈறு ஆறியதும் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் கிரவுன் லெங்த்தனிங் (ஈறை இறக்கிப் பல்லை இன்னும் வெளியே தெரியவைக்கும் அறுவை).

பதில் (லேப் டெக்னீஷியன்):
கடைசியில புட்டிதான்னு ஆனா, லேடக்ஸ் கிளவுஸோட பிசையாதீங்க டாக்டர். அதுல இருக்கிற சல்ஃபர் பட்டா சிலிகான் செட் ஆகாது. நைட்ரைல் போடுங்க. அந்த அம்மாவுக்கு குமட்டும்னா, ஃபுல் ட்ரேக்குப் பதிலா ஒரு பக்கத்து ட்ரேயை யோசிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. பழைய பிரிட்ஜை ஒட்டப்போவதில்லை. டெம்பரரி ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, இரண்டு கார்டு வைத்து மறுபடி ஸ்கேன் எடுக்கிறேன். சாம்பல் நிறப் படத்தை லேபுக்கு அனுப்பும் முன் இங்கேயும் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.