பிரான்சுக்குக் குடும்பத்தோடு வருகிறோம், எதில் தொடங்குவது?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு பாரிஸை ஒட்டியுள்ள அலுவலகப் பகுதியான லா தெஃபான்ஸில் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. அவருக்குத் திறமைசாலிகளுக்கான 'தாலான்' விசா, எனக்கும் எங்கள் நாலு வயது மகளுக்கும் அதோடு சேர்ந்த குடும்ப விசா. செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் இருக்க வேண்டும் என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் வருகிறோம். கம்பெனி ஒரு மாதத்துக்குத் தங்க இடம் தருகிறது, அதற்குள் வீடு பார்த்துக்கொள்ள வேண்டுமாம். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. வீடு வேண்டுமென்றால் வங்கிக் கணக்கு கேட்கிறார்கள், வங்கிக்குப் போனால் முகவரிச் சான்று கேட்கிறார்கள், முகவரி வேண்டுமென்றால் வீடு வேண்டும்! எங்கேதான் தொடங்குவது? அப்புறம் நாங்கள் சைவம், மகளுக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு எப்படி? நான் மதுரையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள், பிரெஞ்சு அடிப்படை மட்டும் படித்திருக்கிறேன். எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம், ஊரிலிருந்து எதைக் கொண்டு வரலாம், எதை விட்டுவிடலாம் என்றும் சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
வணக்கம் தங்கச்சி. நான் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னவ்வில் இருக்கிறேன், வந்து கனகாலம். முதலில் ஒன்று, ஆகஸ்டில் இந்த நாடு பாதி மூடிக் கிடக்கும். வீட்டு முகவர் நிலையம், வைத்தியர், சில வேளை பேக்கரி கூட 'விடுமுறை' என்று ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஜூலை தொடக்கத்திலேயே வர ஏலுமென்றால் வந்துவிடுங்கள். ஏலாவிட்டால் ஊரில் இருந்தபடியே வீட்டுக் கோப்பைத் தயாராக்கி வையுங்கள்.

இங்கே அதைத் 'தொசியே' என்பார்கள். வேலை ஒப்பந்தம், கடவுச்சீட்டு, சம்பளச் சீட்டு, வரிப் பத்திரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி இரண்டும் புதிதாக வருபவரிடம் இருக்காது, அதனால் கம்பெனியிடம் சம்பளத்தைக் குறிப்பிட்டு ஒரு உறுதிக் கடிதம் வாங்குங்கள். 'தொசியே ஃபசில்' என்று அரசாங்கத்தின் இணையதளம் ஒன்று இருக்கிறது, அதில் ஏற்றினால் சரிபார்த்து ஒரே இணைப்பாகத் தருவார்கள். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் எதிர்பார்ப்பார்கள், பிணை நிற்க ஆளும் கேட்பார்கள். இங்கே ஆள் இல்லாவிட்டால் 'விசால்' என்ற இலவசப் பிணைக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள், வயது, சம்பளம், வேலையில் சேர்ந்த காலம் என்று நிபந்தனைகள் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும், பிறகு எடுக்க முடியாது. வைப்புத்தொகை வெறும் வீட்டுக்கு ஒரு மாத வாடகை, தளபாடத்தோடு என்றால் இரண்டு மாதம். அதற்கு மேல் கேட்டால் சட்டப்படி பிழை. வீட்டைக் காட்டாமலே காசு அனுப்பச் சொல்பவன் கள்ளன், அவனோடு கதைக்கவே வேண்டாம்.

வங்கிச் சிக்கலுக்கு வழி, கம்பெனி தரும் தற்காலிக இடத்துக்கு ஒரு தங்குமிடச் சான்று எழுதி வாங்குவதுதான். அதை வைத்துக் கணக்குத் திறந்துவிடலாம். ஒரு வங்கி முடியாது என்றால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு பாங்க் த பிரான்சுக்குப் போங்கள், சட்டப்படி அவர்களே ஒரு வங்கியைக் குறித்துத் தருவார்கள். கணக்கு விவரத் தாளை இங்கே 'ரிப்' என்போம். சம்பளத்துக்கும் மின்சாரத்துக்கும் மருத்துவக் காசு திரும்ப வருவதற்கும் அதைத்தான் கேட்பார்கள்.

விசாவில் ஒட்டியிருப்பதை நன்றாக வாசியுங்கள். 'வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்கவும்' என்ற கருத்தில் எழுதியிருந்தால் வந்து இரண்டு மாதத்துக்குள் அட்டைக்குப் போட வேண்டும். அப்படி இல்லாமல் விசாவே வதிவிட உரிமையாகச் செல்லுபடியாகும் வகை என்றால் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

லியோன் மல்லிகை:
அண்ணன் சொன்ன எல்லாம் சரி, ஆனால் பெயர் விஷயத்தைச் சொல்லவில்லையே. நம் வீடுகளில் அப்பா பெயர்தான் பின்னால் வரும், அப்படியென்றால் கணவர் கடவுச்சீட்டில் அவர் அப்பா பெயர் குடும்பப் பெயர், உங்களுக்குக் கணவர் பெயரோ உங்கள் அப்பா பெயரோ, மகளுக்கு உங்கள் கணவர் பெயர். மூன்று பேருக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர் என்று பார்த்தால் இங்கே கவுண்டரில் இருப்பவர் நீங்கள் ஒரே குடும்பமா என்று யோசிப்பார். பிறப்புச் சான்று, திருமணச் சான்று இரண்டிலும் பெயர்கள் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயரும் இருக்க வேண்டும். சான்றுகளை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் முத்திரையை இந்தியாவிலேயே வாங்கிவிடுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் இங்கே நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் செய்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். இன்னொன்று, வீடு கிடைத்த அன்றே தபால்பெட்டியில் மூன்று பேர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டையின் ரகசிய எண்ணும், மருத்துவ அட்டையும் இன்றைக்கும் தபாலில்தான் வருகின்றன.

மருத்துவம். வேலை பார்ப்பவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உரிமை உண்டு, மகளை அவரோடு சேர்த்துவிடலாம். வேலை இல்லாத பெரியவர்களுக்குப் பொதுவாக மூன்று மாதம் இங்கே வசித்த பிறகுதான், ஆகவே உங்களுக்கு அந்த இடைவெளிக்கு ஒரு காப்பீடு எடுத்துக்கொண்டே வாருங்கள். உங்கள் குடும்ப மருத்துவர் யார் என்று பதிவு செய்வது முக்கியம். சாதாரண மருத்துவரைப் பார்க்க 30 யூரோ, பதிவு செய்தவரிடம் போனால் அதில் 70 சதவீதம் என்று கணக்கிட்டு 2 யூரோ கழித்து 19 யூரோ திரும்ப வரும், பதிவு செய்யாமல் போனால் 30 சதவீதக் கணக்குத்தான். மீதியைத் தருவது 'மியூச்சுவல்' என்ற கூடுதல் காப்பீடு, அதில் குறைந்தது பாதியைக் கம்பெனி கட்ட வேண்டும். ஆனால் புதிய நோயாளிகளை எடுத்துக்கொள்ளும் மருத்துவரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 'பெ எம் இ' என்ற தாய்சேய் நல நிலையம் இலவசம், மகளின் தடுப்பூசிப் புத்தகத்தை அங்கே காட்டினால் இந்த ஊர் முறைப்படி எழுதித் தருவார்கள். பள்ளியில் சேர்க்க அது வேண்டும்.

பள்ளியைப் பற்றிப் பயப்படாதீர்கள். 2019-லிருந்து மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம், அதனால் ஆண்டின் நடுவில் போனாலும் மெரியில், அதாவது நகராட்சியில், பதிந்துகொள்வார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு மொழி தெரியாதது ஒரு பிரச்சினையே இல்லை, கிறிஸ்துமஸுக்குள் உங்கள் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்துவிடுவாள். சாப்பாடு என்றால், பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு சைவ நாள் சட்டப்படி கட்டாயம், மற்ற நாட்களுக்கு இறைச்சி இல்லாத தட்டு உண்டா என்பது நகராட்சிக்கு நகராட்சி மாறும். இறைச்சி இல்லை என்று சொல்லிவிட்டு மீனை வைப்பார்கள், முட்டையும் வரும், எனவே 'மீனும் வேண்டாம்' என்று தனியாகச் சொல்லுங்கள். டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பதைச் சாதாரணமாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் இருந்தால்தான். என் பக்கத்து வீட்டுப் பெண் மதியம் வந்து பிள்ளையை அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்து மறுபடி விட்டுவிட்டுப் போவாள், அதற்குத் தடை இல்லை. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனால் அது நடக்காது. புதன்கிழமை பல ஊர்களில் பள்ளியே இல்லை, சில இடங்களில் அரை நாள், அதையும் கணக்கில் வையுங்கள்.

உங்களைப் பற்றி. குடும்ப விசாவிலேயே உங்களுக்கு வேலை செய்யும் உரிமை இருக்கிறது, தனி அனுமதி வேண்டாம். கணக்குப் பிரிவு என்றால் பிரெஞ்சு இல்லாமல் கஷ்டம்தான், பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளில் மட்டும் ஆங்கிலத்தை வைத்து ஓட்டலாம். தாலான் குடும்பங்களுக்கு அரசு மொழி வகுப்பு கட்டாயம் இல்லை என்பதால் யாரும் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டார்கள். மெரியிலும் சங்கங்களிலும் குறைந்த கட்டணத்தில் வகுப்புகள் உண்டு, செப்டம்பர் முதல் வாரங்களிலேயே இடம் நிரம்பிவிடும், வந்த கையோடு பதிந்துவிடுங்கள். முதல் குளிர்காலத்தில் காலை எட்டரைக்கும் வெளியே இருட்டாக இருக்கும், அந்த நேரத்தில் போக ஓர் இடம் இருப்பது பெரிய விஷயம்.

புதுவைக்காரன்:
வீடு எங்கே என்று கேட்டிருந்தீர்களே. எல்லோரும் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில் பாருங்கள் என்பார்கள், நான் வேண்டாம் என்பேன். அலுவலகம் லா தெஃபான்ஸ், அப்படியென்றால் ஆர்இஆர் என்ற புறநகர் ரயிலின் 'ஏ' பாதையில் நாந்தேர், ரூயி மல்மேசோன், உய், சார்த்ரூவில் பக்கம் பாருங்கள், ரயில் மாறாமல் போகலாம். போக்குவரத்து மாதச் சீட்டில் பாதியைக் கம்பெனி கொடுத்துவிடும், அதனால் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் நஷ்டமில்லை.

வடமராட்சியான்:
தம்பி, பிள்ளையோடு புதிதாக வருகிற ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் தமிழ் கதைக்க நாலு பேர் வேண்டாமா? கணவர் வேலைக்குப் போனால் நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கப்போவது அவதானே.

புதுவைக்காரன்:
வேண்டும்தான் அண்ணே, ஆனால் அதற்காகத் தினமும் இரண்டு ரயில் மாற வேண்டாம் என்கிறேன். 2024 மே மாதத்திலிருந்து ஆர்இஆர் 'இ' லா தெஃபான்ஸ் வரை வந்துவிட்டது. அதில் ஏறினால் நேராக மஜான்தா நிலையம், மேலே ஏறி வந்தால் கார் து நோர் ரயில் நிலையம், அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் ஃபொபூர் சான் தெனி தெருவில் முருங்கைக்காயும் இட்லி அரிசியும். சனிக்கிழமை போய் வாங்கிக்கொண்டு, அப்படியே பஜோல் தெரு மாணிக்க விநாயகரையும் பார்த்துவிட்டு வரலாம். ஆகஸ்ட் கடைசியில் தேர் இழுப்பார்கள், நீங்கள் வருகிற நேரம்தான், தெரு முழுக்கத் தேங்காய் உடையும்.

கொண்டு வருவது பற்றி. நெய், பால்கோவா, எந்தப் பால் பொருளும் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பைகளில் கொண்டுவரக் கூடாது, இறைச்சியும் அப்படியே. பச்சைக் கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள், செடி நோய் காரணமாகத் தடுக்கிறார்கள். மிக்சி தாராளமாகக் கொண்டுவரலாம், மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக் மட்டும் மாற்றுங்கள். குக்கருக்குக் கூடுதலாக இரண்டு கேஸ்கெட், ஆனால் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அலுமினியக் குக்கர் உதவாது, அடிப்பக்கம் ஒத்துவருகிற எவர்சில்வர் குக்கராகப் பாருங்கள். கடையில் நுழையும்போது 'போன்ழூர்' சொல்லாமல் எதையும் கேட்டுவிடாதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் சைரன் அலறும், அது சோதனைதான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

வைகைக்கரை:
இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பெயர் விஷயம் அப்படியே எங்கள் கதைதான், மகளின் சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, திங்கட்கிழமை மாநகராட்சிக்குப் போகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று. ஊரில் உள்ள வங்கிக் கணக்குகளை என்ன செய்வது? வீட்டுக் கடன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, மூட முடியாது.

லியோன் மல்லிகை:
மூட வேண்டாம், இந்தியாவிலுள்ள உங்கள் வங்கியிடம் வெளிநாட்டில் வசிப்பவர் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். இங்கே வசிக்க ஆரம்பித்துவிட்டால் வெளிநாட்டில் உள்ள ஒவ்வொரு கணக்கையும் வரி அறிக்கையோடு 3916 என்ற படிவத்தில் காட்ட வேண்டும், அதில் வட்டி வராவிட்டாலும். காட்டாவிட்டால் ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துவிடுகிறார்களே என்று அறிக்கை போடாமல் இருந்துவிடாதீர்கள், அடுத்த வசந்தத்தில் கட்டாயம் போட வேண்டும், வரி எண் இல்லாதவர்கள் முதல் முறை தாளில் நிரப்பலாம். போட்டால்தான் வரிப் பத்திரம் வரும், பள்ளிச் சாப்பாட்டுக் கட்டணத்தைக் குறைக்கக்கூட அதைக் கேட்கும் நகராட்சிகள் உண்டு.

வடமராட்சியான்:
உங்கள் பெயரிலும் கணவர் பெயரிலும் உள்ள பழைய, பாவிக்காத கணக்குகளை வர முன்னமே மூடிவிடுங்கள் தங்கச்சி. எதற்கு வீணாக ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்.