புது கோர்ட் வளாகம் வந்தா வாய்தா குறையுமா?

மொபசல்_வக்கீல்:
உச்ச நீதிமன்றத்தோட ஆய்வுப் பிரிவு 2023-ல போட்ட அறிக்கையைப் பாருங்க. நாடு முழுக்க கீழ்க்கோர்ட்டுகளுக்கு அனுமதிச்ச நீதிபதி பணியிடம் 25,081. இருக்கிற கோர்ட் ஹால் 20,831. எங்க ஊர் ஜே.எம். கோர்ட், அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட், இன்னமும் வாடகைக் கட்டடம்தான். கேஸ் கட்டெல்லாம் மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. கிரிமினல் கேஸ் தேங்காம என்ன செய்யும்? முதல்ல கட்டுங்கய்யா.

பழைய_பெஞ்ச்கிளார்க்:
வக்கீல் சார், பாதிக் கணக்கைத்தான் சொல்றீங்க. அந்தப் பணியிடத்துல ஐயாயிரத்துக்கு மேல காலி. வேலையில இருக்கிற நீதிபதிக்கு ஹால் போதும். நான் மேஜையில உக்காந்து பார்த்ததைச் சொல்றேன். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிட்டார், வாய்தா. போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டர் மாறுதல்ல போயிட்டார், வாய்தா. குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல ஏ1 வந்தா ஏ3 வரமாட்டான். பிடிவாரண்டு போட்டா அது ஸ்டேஷன்ல தூங்கும். ஜெயில்ல இருக்கிறவனைக் கூட்டிவர வழிக்காவல் கிடையாது. இதுல எதுக்கு சிமெண்ட்?

வராண்டா:
ஐயா, குழந்தைகள் மேல நடக்கிற பாலியல் குற்றத்துக்கான போக்சோ சட்டம் 36-வது பிரிவு, சாட்சி சொல்ற குழந்தை கண்ணுல எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், படக்கூடாதுங்குது. நான் துணைக்குப் போன கேஸ்ல இருந்தது ஒரே வராண்டா. எதிரியோட சித்தப்பா எதிர் பெஞ்சுலயே உக்காந்து பிள்ளையை முறைச்சுக்கிட்டிருந்தார். கூண்டுல ஏத்தினப்போ அவ அம்மா சேலையை விடவே இல்லை, ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கு வாய்தா எதனால? சாட்சிகளுக்கு மாவட்டந்தோறும் தனி மையம் வேணும்னு 2022-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 2021-ல தலைமை நீதிபதி ரமணா சொன்ன கணக்கு: 26 சதவீத வளாகத்துல பெண்களுக்குத் தனிக் கழிப்பறையே இல்லை. காலையில பத்தரைக்கு வந்து சாயங்காலம் வரை அடக்கிக்கிட்டு இருந்தவ அடுத்த வாய்தாவுக்கு வருவாளா?

செக்பவுன்ஸ்:
பணமில்லாம திரும்பின செக் கேஸை யாரும் தொடலியே! அது 38 லட்சம் தேங்கிக் கிடக்குன்னு சட்ட ஆணையம் 2008-லயே எழுதிச்சு. கடன் வசூலை மாஜிஸ்திரேட் தலையில கட்டினா வேற கேஸ் எப்படி நகரும்?

பழைய_பெஞ்ச்கிளார்க்:
வராண்டாம்மா, சாட்சி அறையும் கழிப்பறையும் கட்டாயம் வேணும். இருக்கிற வளாகத்துலயே கட்டட்டும். ஆனா புது வளாகம்னாலே ஊருக்கு வெளியே போயிடறாங்க. பஸ் பிடிச்சு சாட்சி வர்றதுக்குள்ள பேர் கூப்பிடுற கோர்ட் டவாலி மூணு தடவை கூப்பிட்டு முடிச்சிருப்பார். 2024 ஜூலையில வந்த புது கிரிமினல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) 346-வது பிரிவுல, தவிர்க்க முடியாத காரணம்னாலும் ரெண்டு வாய்தாவுக்கு மேல கூடாதுன்னு இருக்கு. வக்கீல் சார் டைரியைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.

மொபசல்_வக்கீல்:
என் டைரி கிடக்கட்டும். காலியிடத்தை நிரப்பச் சொல்றது நீங்கதானே? அந்த ஐயாயிரம் பேரையும் நாளைக்கே போட்டா எங்க உக்காருவாங்க? பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதி வேணும்னு 2002-ல தீர்ப்பு வந்தது. இன்னிக்கு அனுமதிச்ச இடமே 21-ஐ ஒட்டித்தான் நிக்குது. இடம் எடுத்து, டெண்டர் விட்டு, கட்டி முடிக்கவே வருஷக்கணக்கு ஆகும். ஆள் வந்த பிறகா அஸ்திவாரம் தோண்டுவீங்க?

பழைய_பெஞ்ச்கிளார்க்:
ஆளுன்னா நீதிபதி மட்டுமா சார்? நான் கடைசியா இருந்த இடத்துல ரெண்டு கோர்ட்டுக்கு ஒரே ஏ.பி.பி., அதாவது அரசு தரப்புல கேஸ் நடத்துற உதவி வக்கீல். அவர் அங்க போற நாள்ல இங்க சாட்சி விசாரணையே கிடையாது. ரெண்டுமே புதுக் கட்டடம்தான்.