தூங்கும்முன் ஓதும் துஆவில் (பிரார்த்தனையில்) மரணம் ஏன் வருகிறது?

கீழக்கரைக்காரி:
அஸ்ஸலாமு அலைக்கும். மகளுக்கு ஆறு வயது. படுக்கும்போது 'அல்லாஹும்ம பிஸ்மிக்க அமூத்து வஅஹ்யா' என்று ஓதிவிட்டுத்தான் படுப்பாள், மதரஸாவில் மனப்பாடம் பண்ணியது. போன வாரம் பொருள் கேட்டாள். "யா அல்லாஹ், உன் பெயராலேயே மரணிக்கிறேன், உயிர் பெறுகிறேன்" என்றேன். "அப்போ காலையில நான் எழும்ப மாட்டேனா உம்மா?" என்று ஒரே அழுகை, இப்போது விளக்கை அணைக்கவே விடுவதில்லை. வேறு துஆ சொல்லிக்கொடுக்கலாமா? மாமியார் ஆயத்துல் குர்ஸி (குர்ஆன் 2:255 வசனம்) மட்டும் போதும் என்கிறார்.

காயல்வாசி:
வஅலைக்கும் ஸலாம் லாத்தா. துஆவை மாற்ற வேண்டாம், எழும்போது ஓதும் துஆவையும் சேர்த்துக் கொடுங்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) இரண்டையும் ஒரே ஹதீஸில்தான் (நபிமொழியில்தான்) அறிவிக்கிறார்கள்: நபி (ஸல்) படுக்கும்போது நீங்கள் சொன்னதை ஓதுவார்கள், எழுந்ததும் 'அல்ஹம்து லில்லாஹில்லதீ அஹ்யானா பஅத மா அமாத்தனா வஇலைஹின் நுஷூர்', அதாவது மரணிக்கச் செய்தபின் நம்மை உயிர்ப்பித்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும், அவனிடமே நாம் எழுப்பப்படுவோம். குர்ஆன் 39:42 பாருங்கள். தூக்கத்திலும் உயிர்களைக் கைப்பற்றுகிறான், மரணம் விதிக்கப்பட்டதை நிறுத்திக்கொள்கிறான், மற்றதைக் குறிப்பிட்ட தவணைவரை திருப்பி அனுப்புகிறான். ராத்திரி அவனிடம் ஒப்படைக்கிறோம், காலையில் திரும்பக் கிடைத்ததற்கு நன்றி சொல்கிறோம், அவ்வளவுதான்.

மேலப்பாளையம் பாய்:
ஆறு வயசுப் பிள்ளைக்கு 39:42 கொஞ்சம் அதிகம் தம்பி. கதையாகச் சொல்லுங்கள் தங்கச்சி. ரமளான் ஜகாத் (தர்மப்) பொருளுக்கு நபித்தோழர் அபூ ஹுரைரா (ரலி) காவல் இருந்தபோது ஒருத்தன் வந்து உணவை அள்ளினான், பிடித்தால் கெஞ்சித் தப்பித்தான், மூன்றாம் முறை சிக்கியதும் 'படுக்கும்போது ஆயத்துல் குர்ஸி ஓதினால் விடியும்வரை ஷைத்தான் நெருங்க மாட்டான்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அவன் பெரும் பொய்யன், ஆனால் இதில் உண்மை சொன்னான், அவனே ஷைத்தான் என்றார்கள் நபி (ஸல்). என் பேரப்பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உங்கள் மாமியார் சொல்வதும் சரிதான், இதையும் அதையும் சேர்த்தே ஓதலாம்.

சின்னக்கடைத்தெரு:
பிள்ளை கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் பயம் ஓடிப்போகும். படுக்குமுன் விரிப்பைத் துணி ஓரத்தால் உதறச் சொல்லி ஹதீஸ் இருக்கிறது, நாம் எழுந்துபோனபின் அதில் என்ன வந்து கிடக்கிறதோ தெரியாதே. எங்கள் வீட்டில் அதைச் சின்னவன்தான் செய்வான், ஒரு தடவை நிஜமாகவே கட்டெறும்பு விழுந்தது, அதிலிருந்து யாரையும் உதறவிடுவதில்லை. அப்புறம் உள்ளங்கைகளைச் சேர்த்து மூன்று குல் சூராக்களையும் (குர்ஆனின் கடைசி மூன்று அத்தியாயங்கள்) ஓதி ஊதி, தலை முகத்திலிருந்து ஆரம்பித்து உடம்பெல்லாம் தடவிக்கொள்வது, மூன்று தடவை. நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிப்பது.

கீழக்கரைக்காரி:
ஜஸாக்கல்லாஹு கைரன். உதறுகிற வேலையை இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன். படுக்குமுன் ஒளு (கை, முகம், கால் கழுவிச் சுத்தம் செய்வது) கட்டாயமா? பாதித் தூக்கத்தில் எழுப்பினால் ரகளை பண்ணுவாள்.

காயல்வாசி:
கட்டாயமில்லை லாத்தா, சுன்னத்து (நபிவழி) தான். இஷா என்ற இரவுத் தொழுகைக்கு உங்களோடு நிற்கும்போதே ஒளு செய்துவிட்டால் போதும், இடையில் முறிந்தாலும் எழுப்ப வேண்டாம்.