பாப் பாடகர்கள் அரசியல் பேசுவது மனதாரவா, விளம்பரத்துக்கா?

கேள்வி:
புது ஆல்பம் வரும் நேரம் பார்த்துச் சில பாப் நட்சத்திரங்கள் அரசியல் பேச ஆரம்பிக்கிறார்கள். வாயே திறக்காவிட்டாலும் திட்டு விழுகிறது. யார் மனதாரப் பேசுகிறார் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

மறுமொழி 1:
மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது. பேசியதால் என்ன இழந்தார்கள் என்று பாருங்கள். 2003 மார்ச்சில், இராக் போர் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, அமெரிக்காவின் கன்ட்ரி (நாட்டுப்புற பாணி) இசைக்குழுவான டிக்சி சிக்ஸின் பாடகி நாட்டலி மெய்ன்ஸ் லண்டன் மேடையில், அதிபர் புஷ் தங்களைப் போலவே டெக்சாஸ்காரர் என்பது தங்களுக்கு வெட்கமாக இருப்பதாகச் சொன்னார். உடனே கன்ட்ரி வானொலி நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. சிடிக்களைக் குவித்து நசுக்கினார்கள். கன்ட்ரி ரசிகர்களில் பலர் போரை ஆதரித்தவர்கள். அதிகாரத்தை எதிர்த்துப் பாடும் ஒரு பங்க் ராக் குழு இதையே சொல்லியிருந்தால் கைதட்டல்தான் கிடைத்திருக்கும். சொந்த ரசிகர்களின் கோபத்துக்கு ஆளாகும் பேச்சைத்தான் நான் நம்புவேன்.

மறுமொழி 2:
இழப்பு மட்டும் போதாது, பணம் போகும் வழியையும் பாருங்கள். நல்ல மனசு இருந்தும் காரியம் சிக்கலாகும். 1971 ஆகஸ்ட் 1 அன்று பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவி சங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் கச்சேரி நடத்தினார்கள். டிக்கெட் வசூல் சுமார் 2,43,000 டாலர் ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆல்பத்தில் வந்த பெரும்பணமோ அமெரிக்க வரித்துறையில் பல வருடம் மாட்டிக்கொண்டது. கச்சேரிக்கு முன்பே யுனிசெஃபைச் சேர்த்து ஏற்பாடு செய்யாததால் வரிவிலக்கு கிடைக்கவில்லை. இன்றைய அறிவிப்புகளில் மூன்று விஷயம் தேடுங்கள்: பணம் பெறும் அமைப்பின் பெயர், தொகை அல்லது சதவீதம், அது மொத்த வசூலிலா லாபத்திலா என்பது. ‘லாபத்தில் ஒரு பகுதி’ என்றால் உஷார். செலவுக் கணக்கு எழுதி முடிக்கும்போது லாபமே இல்லாமல் போகலாம்.

மறுமொழி 3:
பதிவு எதைச் செய்யச் சொல்கிறது என்பதும் முக்கியம். 2020 ஜூன் 2 அன்று, அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து, பாடகர்கள் உட்பட ஏராளமானோர் இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போட்டார்கள். பலர் அந்தப் போராட்டத்தின் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பர் உயிரும் முக்கியம்) ஹேஷ்டேகையும் சேர்த்துப் போட்டதால், போராட்டக்காரர்கள் அதில் பகிர்ந்திருந்த தகவல்களெல்லாம் கீழே தள்ளப்பட்டன. போட்டவர்கள் மனதாரத்தான் போட்டிருப்பார்கள், ஆனாலும் கெடுதல்தான் நடந்தது. 2024 செப்டம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் கொடுத்த இணைப்பு வழியாக 24 மணி நேரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்க அரசின் வாக்காளர் பதிவுத் தளத்துக்குப் போனார்கள். போனவர்கள் எல்லோரும் பதிவு செய்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் செய்யவேண்டிய வேலை ஒன்று கையில் கிடைத்தது.

என் அளவுகோல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபான்டே. 1964இல் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் வேலை பணமில்லாமல் தடுமாறியபோது, 70,000 டாலர் திரட்டி, நடிகர் சிட்னி பாய்ட்டியருடன் கிரீன்வுட் ஊருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். வழியில் வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் காரில் துரத்தினார்கள்.