மறுமொழி: ‘ரிமோட் ஹேண்ட்ஸ்’ – தரவு மையக் கையேட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

> தரவு மைய வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கான கையேட்டில் ‘ரிமோட் ஹேண்ட்ஸ்’ என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. தொலைக்கை, சேய்மைக் கரம், தொலைநிலை உதவி – இவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம்?

மூன்றும் வேண்டாம் என்பது என் கட்சி. இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்கிற உரிமையில், சொல்லுக்குப் போகும் முன் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இழையில் வந்த பரிந்துரைகளைப் பார்த்தால், பாதிப் பேர் இதை ஏதோ ரோபோ விவகாரம் என்று நினைத்திருப்பது போலத் தெரிகிறது.

வாடிக்கையாளரின் சேவையகங்கள் (சர்வர்கள்) தரவு மையத்தில் ஒரு ரேக்கில், அதாவது அவற்றை அடுக்கி வைக்கும் இரும்புச் சட்டத்தில், இருக்கும். அவர் இருப்பது வேறு ஊரில், பல சமயம் வேறு நாட்டில். முக்கால்வாசி வேலையை அவரே வலையமைப்பு வழியாக முடித்துக்கொள்வார். ஆனால் பழுதான வட்டை (டிஸ்க்) கழற்றுவது, கேபிளை இடம் மாற்றுவது, உறைந்துபோன பெட்டியின் பொத்தானை அமுக்குவது இதற்கெல்லாம் கை வேண்டுமே! டிக்கெட், அதாவது வேலைக் கோரிக்கை, போடுவார். அந்த ஷிஃப்டில் இருக்கிற டெக்னீஷியன் போய்ச் செய்துவிட்டு வருவார். பெரும்பாலும் மணிக்கணக்கில் பில் போகும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு டிக்கெட்டை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ‘இந்த ரேக், 23ஆம் யு, 4ஆம் வட்டை மாற்றவும்.’ யு என்பது ரேக்கின் உயரத்தை அளக்கும் அலகு, ஒரு யு 44.45 மில்லிமீட்டர்; வழக்கமாகக் கீழிருந்து மேலாக எண்ணுவார்கள். பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டோம். 4ஆம் வட்டு எது? சில தயாரிப்புகளில் வட்டின் எண் 0-இல் தொடங்கும், சிலவற்றில் 1-இல். டிக்கெட் எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதினார்? பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டு 5 தொகுப்பு ஒரு வட்டு போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. ஏற்கெனவே ஒன்று செத்துக் கிடக்கிறது. நாம் பக்கத்தில் இருக்கும் நல்ல வட்டை உருவினால் மொத்தத் தொகுப்பும் படுத்துவிடும். அதனால் நல்ல டெக்னீஷியன் கை வைக்கும் முன் வாடிக்கையாளரிடம், ‘அந்த வட்டின் அடையாள விளக்கை எரியவிடுங்கள்’ என்பார். எரிந்ததும், செத்த வட்டின் வரிசை எண் (சீரியல் நம்பர்) அவர் திரையில் என்ன காட்டுகிறது என்று கேட்டு டிக்கெட்டில் பதிவார். உருவிய வட்டின் லேபிளில் அதே எண் இருந்தால்தான் புதியது உள்ளே போகும்.

மின்சாரம் வழங்கும் பெட்டியை மாற்றச் சொல்லி வரும் டிக்கெட் இன்னும் சுவாரசியம். சேவையகத்துக்கு ஏ, பி என்று இரண்டு வழியில் மின்சாரம் வரும். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஏ பக்கத்தை மாற்றும் முன் பி பக்கக் கம்பியைக் கையால் தொடர்ந்து போய்ப் பார்த்தால், அதையும் யாரோ ஏ பக்கத்துப் பிடியூவிலேயே (ரேக்குக்கு மின்சாரம் பிரித்துத் தரும் செருகிப் பலகை) செருகி வைத்திருப்பார்கள்! தொலைவில் இருப்பவரின் திரையில் இரண்டுமே பச்சையாகத்தான் தெரியும். கம்பி எங்கே போகிறது என்பது நேரில் நிற்பவருக்குத்தான் தெரியும். அப்புறம், இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் சுமை ஏறியிருந்தால், ஒன்று விழுந்ததும் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழுந்து அதுவும் ட்ரிப் ஆகும். இதை முன்கூட்டியே பார்த்து ‘ஐயா, இப்போது கை வைக்க வேண்டாம்’ என்று நிறுத்துகிறவர்தான் இந்தத் தொழிலில் பெயர் எடுக்கிறார்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘தொலை’யில் எனக்கு இருக்கும் சண்டை இதுதான்: தொலைபேசி, தொலைக்காட்சி, தொலையுணர்வு எல்லாமே தூரத்தைக் கடந்து செயல்படுபவை. அந்த வரிசையில் ‘தொலைக்கை’ என்றால், இங்கே உட்கார்ந்து அங்கே இயக்கும் எந்திரக் கைதான் நினைவுக்கு வரும். அந்தக் கருவிக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும், அதற்கே விட்டுவிடலாம். ‘தொலைநிலை உதவி’ இன்னும் ஆபத்து. வேலை தேடும் பிள்ளை அதைப் படித்தால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்று எண்ணி விண்ணப்பம் போடும். இதுவோ வீட்டிலிருந்து செய்யவே முடியாத வேலை. தூரத்தில் இருப்பவர் வாடிக்கையாளர். கை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலச் சொல் வாடிக்கையாளரின் நாற்காலியிலிருந்து பார்த்து வைத்த பெயர். நம் கையேடு டெக்னீஷியனுக்காக. அவர் நிற்கும் இடத்திலிருந்து பெயர் வைப்போமே.

‘சேய்மைக் கர’த்தில் சேய்மையை விட்டாலும் கரம் இடிக்கிறது. கரம் என்றாலே இரும்புக்கரம், அபயக்கரம் என்று மேடைக்குப் போய்விடுகிறது. திருகாணி கழற்றுவதற்குக் கை போதும்.

> கையுதவி என்று பேச்சு வழக்கிலேயே இருக்கிறதே? கையாள் என்றும் சொல்லலாம்.

கையுதவி நல்ல சொல், ஆனால் வேறு வேலைக்கு. கொத்தனார் பக்கத்தில் நிற்பவர் செய்வது கையுதவி. அங்கே வேலை கொத்தனாருடையது, அவர் கண்ணெதிரே இருக்கிறார். இங்கே உரியவரே இல்லை. பார்ப்பது, முடிவெடுப்பது, செய்வது எல்லாம் ஒருவரே. கையாள் என்பது எதிர்க்கட்சிக்காரரைத் திட்டுவதற்குத் தேவைப்படுகிறது. எடுபிடி என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். சிரித்தேன். ஆனால் முதல் வருடத்தில் பல பேர் தங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கையேட்டில் அதை நாமே அச்சடித்துக் கொடுக்க வேண்டாம்.

‘இரவற்கை’ எனக்கு மிகவும் பிடித்தது. இரவல் வாங்கிய கை என்ற படம் சட்டென்று மனதில் நிற்கிறது. ஆனால் இரவலுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை. ‘அப்படியானால் வாடகைக்கை’ என்று எழுதிய நண்பருக்கு என் கண்டனங்கள்.

என் முன்மொழிவு: பதிற்கை.

பதில் + கை. ஒருவருக்குப் பதிலாகச் செயல்படும் கை. பதிலாள் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ‘ப்ராக்ஸி’க்குப் பதிலி என்று கணினித் தமிழில் ஏற்கெனவே எழுதுகிறோம். அந்தக் குடும்பத்தில் இதுவும் ஒன்றாக உட்கார்ந்துவிடும். செய்பவர் பதிற்கையர், சேவை பதிற்கைப் பணி.

> ‘பதில்’ தமிழ்ச் சொல் இல்லையே. ‘மாற்றுக்கை’ ஆக்கலாமே?

வெளியிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் வந்து தங்கி, வேட்டி கட்டிக்கொண்டு நாளாகிவிட்டது. மாற்றுக்கை என்றால் செயற்கைக் கை என்று மருத்துவம் பக்கம் போய்விடும். அங்கே அதற்குத் தேவை அதிகம். ‘பதில்கை’ என்று புணர்ச்சி இல்லாமல் எழுதலாமா என்று கேட்டவர்களுக்கு: எழுதுங்கள், குடி முழுகிவிடாது. டிக்கெட்டில் அவசரமாக எழுதும்போது றகரம் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது.

கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: ஷிஃப்ட் மாறும்போது எழுதும் குறிப்பில் அது தடுக்காமல் உட்கார வேண்டும். ‘7ஆம் வரிசை வாடிக்கையாளர் பதிற்கை கேட்டிருக்கிறார், ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம்.’ ‘பதிற்கை கொடுத்தாயிற்று, பழைய வட்டு பூட்டிய அலமாரியில் இருக்கிறது.’ கை கொடுப்பது என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் வினைச்சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை.

இதோடு ‘ஸ்மார்ட் ஹேண்ட்ஸ்’ என்று ஒன்று உண்டு. சொன்னதைச் செய்வது முதல் வகை. என்ன கோளாறு என்று தானே கண்டறிந்து செய்வது இது. சில நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகவே விற்கின்றன, சில தனி விலை வைக்கின்றன. ‘திறன்மிகு கை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘ஸ்மார்ட்’ என்று எதைக் கண்டாலும் திறன் போடும் பழக்கத்தை நாம் விட வேண்டும். கைதேர்ந்தவர் என்று நம்மிடமே இருக்கிறது. ‘தேர்கை’ போதும்.

பதிற்கையிலிருந்து தேர்கைக்கு ஏறுவதுதான் இந்தத் தொழிலில் முதல் படி என்பதால், கையேடு இந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைப்பது நல்லது. அதற்கு மேலே பாதை பிரியும். ஒரு பக்கம் சேவையகம், வலையமைப்பு. மறுபக்கம் மின்சாரம், யுபிஎஸ், ஜெனரேட்டர், குளிரூட்டல். இரண்டாவதற்குக் கணினிப் படிப்பே தேவையில்லை. மின்பணியாளர்கள், குளிர்சாதனம் பார்த்தவர்கள், கப்பல் எந்திர அறையில் இருந்தவர்கள் நன்றாகவே வருகிறார்கள், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை நிறுத்தாமல் பழுது பார்ப்பது அவர்களுக்குப் பழகிய சங்கதி. கையேட்டின் இப்போதைய வரைவு இவர்களைப் பற்றி ஒரு வரி கூடச் சொல்லவில்லை. சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ஷிஃப்ட் தலைவராக யாரை உயர்த்துவது என்று உட்கார்ந்து பேசும்போது சான்றிதழ்களுக்குச் சில நிமிடங்கள்தான் செலவாகும். மீதி நேரமெல்லாம் அவர் எழுதிய டிக்கெட்டுகள் பற்றித்தான். ‘சரிசெய்யப்பட்டது’ என்று ஒற்றைச் சொல்லில் மூடியவர் அங்கேயே நிற்கிறார். எதைப் பார்த்தேன், எதைத் தொட்டேன், தொடும் முன் யாரிடம் கேட்டேன், இன்னும் எது சந்தேகமாக இருக்கிறது என்று நாலு வரி எழுதியவரை அடுத்த ஷிஃப்ட்காரர் நம்புகிறார், வாடிக்கையாளரும் அடுத்த முறை அவரையே கேட்கிறார். ஆகவே பதிற்கை அத்தியாயத்தில் ஒரு நல்ல டிக்கெட்டையும் ஒரு மோசமான டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மாதிரிகளை நானே எழுதித் தருகிறேன்.

எதிர்ப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘கன்கரன்ட்லி மெயின்டெயினபிள்’ என்பதை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். தரவு மையங்களுக்குத் தரம் வகுக்கும் அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் மூன்றாம் தரநிலைக்கு உயிரே அதுதான்: மின்சாரமோ குளிரூட்டலோ, எந்த ஒரு கருவியைப் பராமரிப்புக்காக நிறுத்தினாலும் சேவையகங்கள் நிற்கக் கூடாது. ‘ஒருங்கே பராமரிக்கத்தக்க’ என்று எழுதினால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாளில் பராமரிப்பது என்று பொருள் வருகிறது. ‘ஓட்டத்திலேயே பராமரிப்பு’ என்கிற திசையில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.