அப்பா அம்மா முதல் தடவை சிங்கப்பூர் வர்றாங்க, பகல்ல தனியா எப்படிச் சமாளிப்பாங்க?

செங்காங்_வாசி:
கும்பகோணத்துல இருந்து வர்றாங்க. வெளிநாடு புதுசு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம், அவங்களாத்தான் லிட்டில் இந்தியாவுல இருக்குற தேக்கா சந்தை வரைக்கும் போய் வரணும். அம்மா சுத்த சைவம், சர்க்கரையும் இருக்கு. அப்பாவுக்கு வெத்தலை புகையிலை. எதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்?

கருவேப்பிலை:
பெட்டியில இருந்து ஆரம்பிங்க. மெல்லுற புகையிலை இங்க தடை, ஒரு பொட்டலம்கூட ஆகாது. பலருக்குத் தெரியாத இன்னொண்ணு கசகசா. அதுவும் தடைதான். முழுசா கொண்டு வராதவங்ககூட குருமாப் பொடியில அரைச்சுச் சேர்த்திருப்பாங்க, அம்மாகிட்ட கேட்டுக்குங்க. மருந்து மூணு மாச அளவுக்குள்ள, மருத்துவர் சீட்டோட இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரி இருந்தா சுகாதார அறிவியல் ஆணையத்துல முன்னாடியே அனுமதி வாங்கணும். வருகை அட்டையை, அதாவது நாட்டுக்குள்ள வர இணையத்துல நிரப்புற படிவத்தை, வந்து இறங்குற நாளோட சேர்த்து மூணு நாளுக்குள்ள நிரப்பணும். அது இலவசம். அதுக்குக் காசு கேக்குற தளம் எதுவும் அரசாங்கத்தோடது இல்ல.

ஊதா_வழி:
பயணம் சுலபம்தான் தம்பி. செங்காங்ல ஹார்பர்ஃபிரண்ட் போற ரயில்ல ஏறினா ஒன்பதாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, மாற வேண்டியதில்ல. தேக்காவுக்கு ‘சி’ வாசல். திரும்பும்போது பொங்கோல் கோஸ்ட் போற ரயில். ரயில், பஸ்ஸுக்குத் தட்டுற பயண அட்டை ஒண்ணுல ரெண்டு பேர் போக முடியாது, ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க. மூத்தோர் சலுகைக் கட்டணம் வருகையாளருக்குக் கிடையாது.

சிக்கல் பஸ்லதான். கை காட்டலேன்னா நிக்காமப் போயிடும். இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தா கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் பிடிக்கும். காசாக் குடுத்தா மீதிச் சில்லறை வராது. ரயில்ல தண்ணி குடிக்கிறதும் குத்தம்தான், 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம். மின்படி (எஸ்கலேட்டர்) நம்ம ஊரை விட வேகம், வயசானவங்க மின்தூக்கியில (லிஃப்ட்) போகட்டும்.

கோப்பி_கொசோங்:
அம்மாவுக்குச் சாப்பாடுதான் கவனம். சீனச் சைவக் கடையில கோழி, மீன் மாதிரியே தெரியும், சோயாவுல செஞ்சது. அதைப் பாத்தே சிலருக்குக் குமட்டும். ஆபத்து அங்க இல்ல, சாதாரணக் கடையில ‘வெறும் காய்’னு கேட்டு வாங்குறதுலதான். கீரையில சிப்பிச் சாறு ஊத்துவாங்க, சம்பல்ங்கிற மிளகாய்த் துவையல்ல பிளச்சான் இருக்கும், அதாவது இறால் விழுது. சிராங்கூன் சாலைச் சைவ உணவகங்கள் நிம்மதி.

இங்க டீக்கு ‘தே’ன்னு பேரு. சும்மா ‘தே’ன்னு சொன்னா இனிப்புக் கெட்டிப்பால் ஊத்திடுவாங்க. ‘தே சி கொசோங்’னு சொல்லச் சொல்லுங்க. ‘சி’ன்னா இனிப்பில்லாத டின்பால், ‘கொசோங்’னா சர்க்கரை இல்ல. மேசையில டிஷ்யூ பாக்கெட் கிடந்தா அது ஆள் பிடிச்ச இடம், குப்பைன்னு எடுத்துப் போட்டுடக் கூடாது! சாப்பிட்ட தட்டை அவங்களே கொண்டுபோய் வைக்கணும். 2021 செப்டம்பர்ல இருந்து உணவங்காடியில இது சட்டம். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு.

செங்காங்_வாசி:
கசகசா தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. வீட்டுக்குள்ள ஏதாவது?

கருவேப்பிலை:
குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம். மின்சாரம் 230 வோல்ட், நம்ம ஊர் சாமான் ஓடும். ஆனா பிளக் மூணு சதுரக் கால், அடாப்டர் வேணும். குப்பையைப் பையில கட்டித்தான் குப்பை கீழ போற குழாயில போடணும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக் எல்லாம் வெளியில இருந்து பாக்க ஒண்ணு போலவே இருக்கும், அதனால புளோக் எண், வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, உங்க கைபேசி எண் எழுதின சீட்டு ரெண்டு பேர் சட்டைப்பையிலயும் கைப்பையிலயும் இருக்கட்டும். குறியீடு புளோக்குக்கு ஒண்ணு. டாக்சிக்காரருக்கு அதைக் காட்டினாலே போதும்.